180 நாள் தாண்டினால் ஐந்தாண்டும் வீணா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் ஐந்தாண்டு வேலை பார்த்துவிட்டு ஐ.எல்.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போகும் நம்மவர்களில் பலருக்கு ஒரே பயம்: ஊரில் தங்கிய நாட்கள் 180-ஐத் தாண்டிவிட்டன, இனி எல்லாம் முதலிலிருந்தா? பயந்து விண்ணப்பத்தையே கைவிடுகிறவர்கள் ஒரு பக்கம். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று நாட்களைக் குறைத்து எழுதிப் பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தேவையில்லாத இழப்பு. வரம்பைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் போவது சில மாதங்கள்தான். ஆனால் கணக்குப் போடாமல் அவசரப்பட்டு விண்ணப்பித்தால் கட்டணம் போகும். நேரம் சரியில்லையென்றால் கையிலிருக்கும் விசாவும் போகும். இந்த விண்ணப்பங்களோடு நாள்தோறும் பழகுகிறவர்கள் என்ற முறையில், உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டில் மொத்தம் எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்று ஐ.எல்.ஆருக்குக் கேட்பதில்லை. அந்த ஐந்தாண்டுக்குள் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டாலும் வெளியே இருந்த நாட்கள் 180-ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். இந்த 'எந்தப் பன்னிரண்டு மாதமும்' என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். 2018 ஜனவரி 11-க்குப் பிறகு வழங்கப்பட்ட விசாக்களுக்கு இது நகர்ந்துகொண்டே இருக்கும் பன்னிரண்டு மாதம். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றும் இல்லை, விசா தொடங்கிய தேதியிலிருந்து ஓர் ஆண்டு என்றும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விசா 2022 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. அந்த ஆள் 2022 நவம்பர் 10 அன்று கிளம்பி 2023 ஜனவரி 20 அன்று திரும்பினார். மறுபடி 2023 ஜூலை 5 கிளம்பி அக்டோபர் 30 திரும்பினார். முதல் பயணம் 70 நாள், இரண்டாவது 116 நாள். விசா ஆண்டுகளாகப் பிரித்தால் முதலாண்டில் 70, இரண்டாமாண்டில் 116. எல்லாம் நலம்போலத் தெரியும். காலண்டர் ஆண்டாகப் பிரித்தாலும் 51, 135 என்று வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் 2022 நவம்பர் 11 முதல் 2023 நவம்பர் 10 வரையான பன்னிரண்டு மாதத்தை எடுத்துப் பாருங்கள்: 186 நாள். ஆறு நாள் கூடுதல். ஹோம் ஆபீஸ் எனப்படும் பிரிட்டன் உள்துறையின் அதிகாரி பார்ப்பது இந்தப் பன்னிரண்டு மாதத்தைத்தான்.

நாட்களை எண்ணுவதிலும் முறை இருக்கிறது. முழு நாள் வெளியே இருந்தால்தான் கணக்கு. பிரிட்டனை விட்டுக் கிளம்பிய நாளும் திரும்பி வந்து இறங்கிய நாளும் சேராது. மேலே சொன்ன 70, 116 இரண்டும் அப்படி எண்ணியவை. இரண்டு நுனிகளையும் சேர்த்து எண்ணிவிட்டு, வரம்பைத் தாண்டாமலேயே தாண்டிவிட்டதாகத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. பிரிட்டனிலிருந்து வெளியே போகும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதனால் பலர் சென்னை விமான நிலையத்தில் குத்திய முத்திரையைக் கிளம்பிய தேதியாக எழுதிவிடுகிறார்கள். லண்டனில் 10-ஆம் தேதி ஏறினால் சென்னையில் 11-ஆம் தேதி முத்திரை விழும். 11-ஆம் தேதி முழு நாள் வெளியே இருந்த நாள். அதைக் கிளம்பிய நாளாக எழுதினால் பயணத்துக்கு ஒரு நாள் குறையும். சரியாக 180 என்று விளிம்பில் நிற்பவருக்கு இந்த ஒரு நாளே போதும்.

இன்னும் சில நாட்கள் கண்ணுக்குத் தப்பும். விசா வழங்கப்பட்ட தேதிக்கும் முதன்முதலாகப் பிரிட்டனில் இறங்கிய தேதிக்கும் நடுவில் உள்ள நாட்களை ஐந்தாண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவை வெளியே இருந்த நாட்களாகவும் எண்ணப்படும். விசா வந்தபிறகு வீட்டைக் காலி செய்து, ஊரில் எல்லோரையும் பார்த்துவிட்டு ஐந்தாறு வாரம் கழித்து வந்தவர் முதல் பன்னிரண்டு மாதத்தில் அதையும் கூட்ட வேண்டும். அயர்லாந்துக்குப் போக விசா சோதனை பெரிதாக இல்லையே என்று டப்ளின் பயணத்தை விட்டுவிடக்கூடாது. அதுவும் வெளியே இருந்த நாள்தான். கம்பெனியே ஆன்சைட் வேலைக்கு அனுப்பிய பயணம், மேலாளர் ஒப்புதலோடு மதுரையிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்த்த மாதங்கள், சம்பளத்துடன் கூடிய விடுப்பு எல்லாமே எண்ணப்படும். 'ஆபீஸ்தானே அனுப்பியது' என்பது நாங்கள் அதிகம் கேட்கும் வாதம். விதியில் அதற்கு இடமில்லை.

தேதிகள் நினைவில் இல்லையென்றால் ஊகித்து எழுத வேண்டாம். பழைய பாஸ்போர்ட், விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்கள், வங்கி அட்டைச் செலவுகள் என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதிலும் தெளியாவிட்டால் ஹோம் ஆபீஸிடமே உங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் என்று பெயர், கட்டணம் இல்லை. 2015 ஏப்ரல் முதல் நாட்டை விட்டுக் கிளம்புகிறவர்களின் விவரங்கள் விமான நிறுவனங்கள் வழியாக அவர்களிடம் சேர்கின்றன. ஆகவே ஒரு பயணத்தை மறைத்து எழுதுவது அவர்களிடமே இருக்கும் தகவலை இல்லை என்று சாதிப்பதாகும். வரம்பு தாண்டியதால் வரும் மறுப்பை ஓராண்டில் சரிசெய்துவிடலாம். பொய் சொன்னதாகப் பதிவாகும் மறுப்பு அடுத்த பத்தாண்டு விண்ணப்பங்கள் வரை துரத்தும்.

சரியாக எண்ணிய பிறகும் 180-ஐத் தாண்டுகிறது என்றால் அடுத்த கேள்வி: அந்த நாட்களில் ஏதாவது கழிக்கத் தக்கதா? தொடர் வசிப்பு பற்றிய விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நோய் உங்களுக்கு வந்திருந்தாலோ, நெருங்கிய குடும்பத்தினர் ஒருவர் அப்படிப்பட்ட நோயில் கிடந்திருந்தாலோ, இறந்திருந்தாலோ அதற்காக வெளியே இருந்த நாட்களை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடக் கேட்கலாம். இயற்கைப் பேரிடர், போர், பெருந்தொற்று ஆகியவற்றால் பயணம் தடைபட்டு மாட்டிக்கொண்ட நாட்களும் அப்படியே. வெளிநாட்டு மனிதாபிமான நெருக்கடிகளில் ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியின் ஒப்புதலோடு உதவப் போனவர்களுக்கும், பிஎச்.டி. தரத்து வேலைகளில் ஆராய்ச்சிக்காக ஸ்பான்சர் ஒப்புதலோடு சென்றவர்களுக்கும் தனி விலக்கு உண்டு.

இதில் மனதில் வைக்க வேண்டியது, காரணம் பொருந்தும் நாட்கள் மட்டுமே கழியும் என்பது. அப்பா முப்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார், அதற்குப் பிறகு நீங்கள் மூன்று மாதம் ஊரிலேயே தங்கினீர்கள் என்றால், முப்பது நாளுக்கு ஆதாரம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஏன் தங்கினீர்கள் என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன 186 நாள் கணக்கில் முப்பது நாள் கழிந்தால் 156. பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஆனால் கண்புரை அறுவை, தங்கை கல்யாணம், வீட்டுப் பத்திரப் பதிவு இவற்றையெல்லாம் தவிர்க்க முடியாத துயரச் சூழல் என்று எழுதுவது வேலைக்காகாது. அவை நமக்கு எவ்வளவு பெரிய கடமைகள் என்பது எங்களுக்குத் தெரியும். விதியில் அவற்றுக்கு இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் நம்மவர் விண்ணப்பங்கள் பலவீனமாகின்றன. 'மேற்கண்டவர் எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்' என்ற ஒற்றை வரிச் சான்று போதாது. நோயின் பெயர், சேர்த்த தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி, உயிருக்கு ஆபத்து இருந்தது என்ற மருத்துவரின் கருத்து, கூட இருக்க வேண்டிய தேவை ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியும் இணைக்க வேண்டும். அடுத்து, நோயாளி உங்கள் தந்தைதான் என்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ். இங்கே நமக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். பிறப்புச் சான்றிதழில் 'எஸ். ராமசாமி', பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து 'சுப்பையா ராமசாமி', மருத்துவமனைப் பதிவில் வெறும் 'ராமசாமி', இறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. நமக்கு நால்வரும் ஒருவரே என்று பார்த்தவுடன் தெரியும். ஷெஃபீல்டில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. நான்கும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கவர் லெட்டரிலும் ஒரு பத்தியில் விளக்கிவிடுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், 'இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு' என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும்.

விலக்குக்குரிய காரணம் எதுவும் இல்லையா? அப்படியானால் காத்திருப்பதுதான் வழி. பலர் நினைப்பதைவிட அது குறுகியது. ஐந்தாண்டை அதிகாரி பின்னோக்கி எண்ணுகிறார். விண்ணப்பித்த நாள், முடிவெடுக்கும் நாள், விண்ணப்பித்ததிலிருந்து 28 நாளுக்குள் வரும் ஒரு நாள் ஆகியவற்றில் உங்களுக்கு எது சாதகமோ அதிலிருந்து பின்னால் ஐந்தாண்டு. பயணம் அந்த ஐந்தாண்டுக்கு முன்னால் போய்விட்டால் கணக்கிலும் இராது. நம் எடுத்துக்காட்டில் கூடுதல் ஆறு நாள்தான். ஐந்தாண்டு 2022 நவம்பர் 17-இல் தொடங்குவதாக எண்ணினால் 11 முதல் 16 வரையான ஆறு நாட்களும் வெளியே விழும். மீதி சரியாக 180. ஆக 2027 மார்ச் இறுதியில் முடிய வேண்டிய ஐந்தாண்டு 2027 நவம்பர் நடுவில் முடியும். 28 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்பதால் அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஏழு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான தாமதம். ஒன்றிரண்டு நாள் எண்ணிக்கை பிசகக்கூடும் என்பதால் ஒரு வாரம் தள்ளியே வைத்துக்கொள்வது நல்லது. இடைக்காலத்தில் எடுக்கும் புதுப் பயணங்களால் வேறொரு பன்னிரண்டு மாதம் 180-ஐத் தாண்டாமலும் பார்க்க வேண்டும்.

அந்த ஏழு மாதத்தைக் கடக்க விசா வேண்டும். நம் ஆளின் விசா 2027 மார்ச் 31-இல் முடிந்தால், அதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஸ்கில்டு வொர்க்கருக்கு முன்பிருந்த டயர் 2 வேலை விசாவின் ஆறாண்டு உச்சவரம்பு ஸ்கில்டு வொர்க்கருக்குக் கிடையாது. ஆகவே நீட்டிக்கத் தடையில்லை. ஸ்பான்சர் புதிய சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் தர வேண்டும், சம்பளமும் அப்போதைய விதிப்படி உங்களுக்குப் பொருந்தும் வரம்பை எட்ட வேண்டும். 2025 ஏப்ரல் கட்டணப்படி உள்நாட்டிலிருந்து மூன்றாண்டு வரையான நீட்டிப்புக்கு 885 பவுண்டு, சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. நர்ஸ்கள் போன்ற ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்குச் சுகாதாரக் கட்டணம் இல்லை, விசாக் கட்டணமும் குறைவு. வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய ஸ்கில்ஸ் சார்ஜை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது, பிடிப்பது விதிமீறல். ஹெச்.ஆரிடம் இதைக் கடைசி வாரத்தில் போய்ச் சொல்லாதீர்கள். மூன்று மாதம் முன்பே, 'எனக்கு ஐ.எல்.ஆர். தேதி தள்ளிப்போகிறது, நீட்டிப்பு வேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஐந்தாண்டு முடிந்ததும் ஊழியர் ஐ.எல்.ஆருக்குப் போய்விடுவார் என்று எண்ணி அதற்கான பணத்தையே ஒதுக்கி வைப்பதில்லை.

இவ்வளவு பணமா, ஐ.எல்.ஆருக்கே போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். அதில்தான் பெரிய ஆபத்து. ஐ.எல்.ஆர். கட்டணம் 2025 ஏப்ரலில் 3,029 பவுண்டாக உயர்ந்தது; மறுத்தால் திரும்பக் கிடைக்காது. விரைவு முடிவுக்குக் கட்டும் 500, 1,000 பவுண்டும் அதோடு போகும். பணத்தைவிட முக்கியம் தேதி. விசா முடிவதற்கு முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய விசாவின் நிபந்தனைகளோடு சட்டப்படி இருக்கலாம். விசாத் தேதி கடந்த பிறகு மறுப்பு வந்தால், மேல் பரிசீலனைக்கான காலமும் முடிந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வேலையும் போகும். 80 பவுண்டு கட்டி 14 நாளுக்குள் கேட்கும் அந்த மேல் பரிசீலனை (அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ), அதிகாரி தவறு செய்திருந்தால் திருத்தும். உண்மையிலேயே 186 நாள் இருந்தால் அதை 180 ஆக்காது. விண்ணப்பித்த பிறகுதான் கணக்குத் தவறியது தெரிகிறதா? முடிவு வருவதற்குள் அதை நீட்டிப்பு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. புதிய கட்டணம் தனி. முடிவு வருவதற்குள் பிரிட்டன், அயர்லாந்துப் பொதுப் பயண எல்லையைத் தாண்டி வெளியே போனால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியதாகவே கொள்வார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணவருக்குச் சரியாக இருக்கிறது, மனைவிக்குத் தாண்டிவிட்டது என்ற நிலை நம் குடும்பங்களில் அடிக்கடி வருகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஏழெட்டு மாதம் தங்குவது நமக்கு இயல்பு. சார்ந்திருப்போர் விசாவில் உள்ள துணைக்கும் 2018 ஜனவரி 11-க்குப் பிறகு கிடைத்த விசாவென்றால் இதே 180 நாள் விதிதான். பிரசவம் என்ற காரணம் மட்டும் விலக்கு ஆகாது. உயிருக்கு ஆபத்தான சிக்கல் வந்து, மருத்துவர் பயணம் கூடாது என்று எழுதியிருந்தால் அது வேறு. இப்படிப்பட்ட குடும்பத்தில் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணவர் முதலில் ஐ.எல்.ஆர். வாங்கலாம்; மனைவி தொடர்ந்து அதே சார்ந்திருப்போர் விசாவை நீட்டித்துக்கொண்டு, தம் ஐந்தாண்டு சரியானதும் விண்ணப்பிக்கலாம். குழந்தைக்கு நாள் கணக்கு பார்ப்பதில்லை என்றாலும், வழக்கமாகப் பெற்றோர் இருவரும் ஐ.எல்.ஆர். பெற்றிருந்தால்தான், அல்லது கூடவே பெற்றால்தான் குழந்தைக்குக் கிடைக்கும். பிரிட்டனில் பிறந்த குழந்தை என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு: பெற்றோரில் ஒருவர் ஐ.எல்.ஆர். பெற்றதுமே குழந்தையைப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் குழந்தைக்கும் நீட்டிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

குடும்ப விசாவில், அதாவது பிரிட்டிஷ் குடிமகனையோ ஐ.எல்.ஆர். பெற்றவரையோ மணந்து வந்தவர்களுக்கு, இந்த 180 நாள் வரம்பு கிடையாது. சேர்ந்து இங்கேயே வாழ்கிறீர்களா என்பதுதான் அங்கே கேள்வி. பத்தாண்டு நீண்டகால வசிப்பு வழியில் வருகிறவர்களுக்கு 2024 ஏப்ரல் 11-இல் விதி மாறியது. அதற்கு முன் ஒரே பயணம் 184 நாள், மொத்தம் 548 நாள் என்றிருந்த வரம்பு போய், அந்தத் தேதிக்குப் பிந்தைய பயணங்களுக்கு அங்கும் பன்னிரண்டு மாதத்துக்கு 180 தான். குடியுரிமைக்குக் கணக்கு முற்றிலும் வேறு: ஐந்தாண்டில் மொத்தம் 450 நாள், கடைசி ஓராண்டில் 90 நாள். ஐ.எல்.ஆர். எளிதாகக் கிடைத்தவர்கூடக் குடியுரிமையில் இதில் சிக்குவதுண்டு.

காத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும்போது விதி மாற்றத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டைப் பொதுவாகப் பத்தாண்டாக்கும் எண்ணத்தைப் பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வெளியிட்டது. ஆகவே பழைய கட்டுரைகளையும் நண்பர் சொன்னதையும் நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தில் உள்ள விதியைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். கழிக்கத் தக்க வலுவான காரணமும் ஆதாரமும் இருக்கிறவர்கள் சும்மா தள்ளிப்போட வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்ல வழக்கறிஞராக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடியேற்ற ஆலோசகர்களைக் கண்காணிக்கும் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு செய்திருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்ற பெயரில் இயங்கிய அமைப்புதான் அது. பதிவில்லாமல் ஆலோசனை சொல்வது குற்றம். ஆனாலும் '180 நாள் தாண்டினாலும் உத்தரவாதமாக ஐ.எல்.ஆர்.' என்று வாக்குக் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் மறுப்புக் கடிதம் விண்ணப்பித்தவர் பெயருக்குத்தான் வருகிறது. குடியேற்ற ஆலோசனை விளம்பரங்களை உங்கள் நாளிதழ் ஏற்கும்போது, விளம்பரதாரரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி விளம்பரத்திலேயே அச்சிட வேண்டுகிறோம். அந்த எண் இருந்தால் வாசகர் பணம் கொடுப்பதற்கு முன் அரசுப் பதிவேட்டில் தாமே சரிபார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
விசா விண்ணப்பங்களுக்கு உதவும் வாசகர்கள்,
லண்டன்.